புயல் என்பது காற்றோ, நீரோ?

திருமாலுக்குப் புயல்வண்ணன் என்று ஒரு பெயர் உண்டு. காற்றுக்கு வண்ணம் ஏது? கண்ணுக்குப் புலனாகாத காற்றின் நிறத்தை உடையவன் என்று எந்தப் பத்தனும் பாடான். நீருண்டு கறுத்த மேகத்தின் நிறத்தை உடையவன் என்பதே அப்பெயரின் பொருள். வள்ளுவரும் வான்சிறப்பிலே புயல் என்னும் சொல்லை மழை என்ற பொருளிலேதான் ஆண்டார். அவர் கூறும் புயல் குறைந்தால் உழவர் ஏரைத் தொடமாட்டார். அது மிகுந்தால் நாடு செழிக்கும். இன்று ஒரு மாணவனிடம், "புயல் வரவேண்டும் என்று உழவர் வேண்டினர்" என்று சொல்லிப் பாருங்கள். ஐயாவுக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்று அயலில் இருப்பவனை நோக்குவான்.

பழைய நூல்களிலே மேகமும் மழையும் நீருமாய் நின்ற ஒரு சொல், காலப்போக்கிலே கடுங்காற்றைக் குறிக்கத் தலைப்பட்டது. சொற்கள் இடம்பெயர்வது புதுமையன்று. கொண்டல் என்பதைப் பாருங்கள். அது மேகத்துக்கும் பெயர், கீழ்காற்றுக்கும் பெயர். நீரைக் கொண்டது ஆதலால் மேகம் கொண்டலாயிற்று. அந்த மேகத்தைக் கொணர்வது ஆதலால் காற்றும் கொண்டலாயிற்று. நம் கடற்றொழிலாளர் இன்றும் வாடை, கொண்டல், கச்சான், சோளகம் என்றே திசையறிந்து பேசுவர். கொண்டல் என்று சொல்லும்போதே மழையும் காற்றும் ஒருங்கே அவர் நினைவில் எழும். ஆனால் புயலில் இந்த இரட்டைப் பொருள் நிலைக்கவில்லை. நீர் கழிந்தது, காற்று மிஞ்சியது.

ஈழத்திலே நாம் புயல் என்பதினும் சூறாவளி என்பதையே மிகுதியும் வழங்குகிறோம். தமிழகத்து வானொலி புயல் என்னும். நம் வானொலி சூறாவளி என்னும். சூறை சுழல்காற்று, வளியும் காற்று. ஆகவே நம் சொல்லில் நீருக்கு இடமே இல்லை. இஃது ஏதோ இலக்கண வம்பு என்று தள்ளிவிட வேண்டாம். ஒரு சொல் எதைக் காட்டுகிறதோ அதற்கே மக்கள் அஞ்சுவர். எதை மறைக்கிறதோ அதற்கு அஞ்சார். வங்கக் கடலின் வரலாற்றைப் புரட்டினால், காற்றினால் மாண்டாரினும் நீரினால் மாண்டாரே பன்மடங்கு என்பது தெளிவாகும். நம் அச்சமோ கூரையைப் பற்றியதாகவே இருக்கின்றது.

முதலிற் பருவத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்து சமுத்திரத்தின் வடபாகத்திலே, அதாவது வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும், ஆண்டொன்றுக்குச் சராசரியாக ஐந்து சூறாவளிகள் வரையில் எழுகின்றன. அவற்றுட் பெரும்பங்கு வங்கக் கடலுக்கே உரியது. உலகின் பிற கடல்களிலே புயற்காலம் ஒரே தொடராய் வரும். இங்கே மட்டும் அஃது இரண்டாகப் பிளவுபட்டுக் கிடக்கிறது. சித்திரை வைகாசியில் ஒரு பகுதி. ஐப்பசி முதல் மார்கழி வரையில் மறு பகுதி. இடையில் ஆடி ஆவணியிலே கடல் வெம்மையாய் இருந்தும் பெருஞ்சூறாவளி எழுவது அரிது. காரணம் சோளகம். அக்காலத்திலே கீழே தென்மேல் காற்று வீசும். மிக உயரத்திலே கீழைக்காற்று விரையும். கீழொரு பக்கமும் மேலொரு பக்கமும் இழுக்க, எழுகின்ற சுழல் தலை வேறு உடல் வேறாகச் சிதைந்துபோகும். வாடை தொடங்குங்காலத்தே இந்த இழுபறி தணிகிறது. தொல்காப்பிய உரைகாரர் ஐப்பசி கார்த்திகையைக் கூதிர் என்பர். நம் கரைக்குக் கூதிரும் முன்பனியின் முற்பகுதியுமே அஞ்சத்தக்க காலம்.

சூறாவளி பிறக்கக் கடலின் மேற்பரப்பு ஏறக்குறைய 27 பாகை வெம்மை கொண்டிருத்தல் வேண்டும். பூமி சுழல்வதனால் காற்றுக்கு உண்டாகும் திருப்பமும் வேண்டும். பூமத்திய ரேகையின்மேல் அந்தத் திருப்பம் இல்லை. வடக்கே செல்லச் செல்ல மிகும். இலங்கையோ 6 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையிற் கிடக்கிறது. ஆதலால் வங்கக் கடற் புயல்களிற் பெரும்பாலானவை நமக்கு வடக்கே தோன்றி, ஆந்திரம், ஒடிசா, வங்கம் என்று போய்விடும். கார்த்திகை பிறந்த பின்னர் அவை பிறக்கும் இடம் தெற்கே இறங்கும். அப்போதுதான் நம் கீழ்க்கரை அவற்றின் வழியில் அகப்படும். நமக்கு வருவது அரிது என்பது உண்மை. அரிதாய் வருவதை மறப்பது எளிது என்பதும் உண்மை.

இக்காலத்து உலகம் வழங்கும் சைக்கிளோன் என்னும் சொல்லும் வங்கக் கடலிற் பிறந்ததே. கல்கத்தாவில் இருந்த என்றி பிடிங்டன் என்னும் ஆங்கிலேயர் கப்பற் குறிப்புகளைத் திரட்டி, இப்புயல்கள் வட்டமாய்ச் சுழல்வன என்று கண்டார். பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அந்தப் பெயரை ஆக்கினார். 1848 ஆம் ஆண்டில் மாலுமிகளுக்கென ஒரு நூலும் எழுதினார். பெயர் சுழற்சியைக் குறித்தபோதிலும் பெயரிட்டவர் நீரை மறக்கவில்லை. கல்கத்தாவுக்குத் தெற்கே மாத்லா ஆற்றங்கரையில் ஒரு புதிய துறைமுகம் அமைக்க அரசு எண்ணியபோது, 1853 இல் அவர் தேசாதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். புயலோடு கடல் எழுந்து அந்த இடத்தை மூடும் என்று எச்சரித்தார். கேட்பார் இல்லை. துறைமுகம் எழுந்தது, கானிங் என்று பெயரும் பெற்றது. 1867 நவம்பரில் ஒரு புயல் கடலை உள்ளே கொணர்ந்து அதனைப் பாழாக்கியது. எச்சரித்தவர் அதைக் காணாமலே முன்னர் இறந்துபோனார்.

கடல் எழுதல் என்றேன். சூறாவளியின் நடுவே காற்றின் அமுக்கம் குறைவு. அதனாற் கடல் சிறிது மேலெழும். ஆனால் அது சிறு பங்கே. கரையை நோக்கி இடையறாது வீசும் காற்று நீரை உந்தி உந்திக் குவிப்பதே பெரும் பங்கு. ஆழ்கடலிலே குவியும் நீர் அடியாற் கழிந்துவிடும். ஆழமற்ற கடலிலே கழிய இடமில்லை. வங்கக் கடலின் வடகோடியோ ஆழமற்றது. புனல் போல ஒடுங்குவது. எதிரே கங்கையும் பிரமபுத்திராவும் கொட்டிய வண்டலால் ஆகிய தாழ்நிலம். இயற்கை இதனினும் கொடிய ஒரு பொறியை அமைக்க முடியாது. 1876 இல் பாக்கர்கஞ்சிலே கடல் புகுந்தபோது ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் மூழ்கி மாண்டனர். பின்னர் வாந்திபேதி முதலிய நோய்களால் ஏறக்குறைய அத்துணைப் பேர் மாண்டனர். 1970 நவம்பர் 12 ஆம் நாள் இரவு அன்றைய கிழக்குப் பாகிஸ்தானிலே போலாத் தீவு முதலிய இடங்களைக் கடல் மூடியது. மூன்று லட்சத்துக்குக் குறையாத மக்கள் மடிந்தனர். புயல்களின் வரலாற்றிலே இதனை விஞ்சிய சாவு பதிவாகவில்லை. 1991 ஏப்ரிலில் சிற்றகோங்குக் கரையில் ஏறக்குறைய 1,40,000 பேர். 2008 மே மாதம் நர்கிஸ் என்னும் புயல் மியன்மாரின் ஐராவதிக் கழிமுகத்திலே புகுந்தபோது இறந்தவரும் காணாமற் போனவருமாக 1,38,000 பேர். இவர்களிற் பெரும்பாலாரைக் கொன்றது காற்று அன்று, உப்பு நீர்.

நம் அயலிலும் அந்த உப்பு நீர் வந்தது. 1964 டிசம்பர் 22 ஆம் நாள் நள்ளிரவை அண்டி, நம் வடபாகத்தையும் மன்னாரையும் தாக்கிய சூறாவளி தனுஷ்கோடியிலே கடலை நிலத்தின்மேல் ஏற்றியது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் புகையிரதம் தனுஷ்கோடியை அடையுமுன் அலையில் அகப்பட்டது. உள்ளே இருந்த 100 பேருக்கு மேல் மாண்டனர். கொழும்பிலிருந்து தலைமன்னார் சென்று, கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்குப் போவது எங்கள் முன்னோருக்கு அடுத்த ஊருக்குப் போவது போன்றது. 1914 முதல் இருந்த அந்த வழியின் ஒரு முனை ஓரிரவிற் கடலுக்குரியதாயிற்று. இன்று அங்கே இடிந்த தேவாலயத்தின் சுவரும் புகையிரத நிலையத்தின் எச்சங்களும் நிற்கின்றன. கடல்கோளைப் பற்றி மணிமேகலையிற் படித்துவிட்டுப் பழங்கதை என்று நகைப்பவர் அந்த மணல்மேட்டில் ஒரு நாள் நின்று பார்ப்பது நன்று.

ஆயினும் ஈழத்தவர் நெஞ்சிலே சூறாவளி என்றால் அஃது 1964 அன்று, 1978 தான். அவ்வாண்டு நவம்பர் 23 ஆம் நாள் மட்டக்களப்பைத் தாக்கியது மெய்யாகவே காற்று. அப்போது எனக்கு எட்டு வயது. தென்னைகள் வேரோடு சாய்ந்தவை பாதி, தலை முறுக்கி எறியப்பட்டவை பாதி. ஏறக்குறைய 900 பேர் இறந்தனர். பத்து லட்சம் பேர் துன்புற்றனர். மாவட்டத்தின் தென்னந்தோப்புகளிற் பெரும்பாலானவை அழிந்தன. அதன் பிறகு எங்கள் பக்கத்திலே கிறிஸ்து ஆண்டும் வேண்டாம், சக ஆண்டும் வேண்டாம். "அவள் சூறாவளிக்கு முந்தின வருசம் பிறந்தவள்", "அந்த வளவு சூறாவளிக்குப் பிறகு ஈடு வைத்தது" என்று காலத்தைக் கணிப்பர். பெற்ற தாய் மகளின் வயதைச் சூறாவளியால் அளப்பதைக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தக் காற்று தந்த பாடம் உண்மையானதுதான். ஆனால் ஒரே ஒரு பாடத்தை மனப்பாடம் செய்துகொண்டு எல்லா வினாவுக்கும் அதையே எழுதும் மாணவன் போல ஆகிவிட்டோம். சூறாவளி வருகிறது என்றால் ஓட்டின்மேற் கல்லை ஏற்றுவோம். கிடுகை இறுக்கிக் கட்டுவோம். "காற்று அவ்வளவு இல்லையாம்" என்று கேட்டவுடன் உறங்கிவிடுவோம்.

இந்த மயக்கத்துக்கு அறிவியலாரின் தரவரிசையும் துணைநின்றது. இக்கடற்பரப்புக்குப் பொறுப்பான வானிலை நிலையம் டெல்லியில் இருக்கிறது. சுழலின் காற்று மணிக்கு 62 கிலோமீற்றரை எட்டினால் அது சூறாவளி. 89 ஐ எட்டினாற் கடுஞ்சூறாவளி. 118 ஐ எட்டினால் மிகக் கடுஞ்சூறாவளி. இவ்வாறு ஏறி 221 ஐ எட்டினாற் பெருஞ்சூறாவளி. எல்லாம் காற்றின் விரைவைக் கொண்டு வகுத்தவை. எவ்வளவு நீர் சுமந்தது, எத்துணை மெல்ல நகர்கிறது என்பன இந்த வரிசையில் இல்லை. கப்பலோட்டுபவனுக்கு இவ்வரிசை தக்கதே. மலையடிவாரத்தில் உறங்குபவனுக்கு இஃது எதையும் சொல்வதில்லை.

62 ஐ எட்டிய பின்னரே பெயரும் கிடைக்கும். வட இந்து சமுத்திரப் புயல்களுக்குப் பெயரிடும் வழக்கம் 2004 இல் தொடங்கியது. முதலில் எட்டு நாடுகள் பெயர் தந்தன. 2020 இல் 13 நாடுகள், நாட்டுக்கு 13 ஆக 169 பெயர்கள் தந்தன. ஒரு முறை சூட்டிய பெயர் மீண்டும் வராது. இந்தப் பட்டியல் மொழி கற்போருக்கு ஒரு விருந்து. இலங்கை தந்த மாருதா 2017 இலும் அசனி 2022 இலும் வந்தன. மாருதம் காற்று, அசனி இடி. இரண்டும் தமிழ் நூல்களிலும் பயின்ற வடசொற்கள். கஜ என்னும் யானையும் நாம் அனுப்பியதே. 2018 இல் வேதாரணியத்துத் தென்னைகளை அது முறித்தது. 2013 இல் மகாசேன் என்று நாம் தந்த பெயரால் ஒரு பூசல் எழுந்தது. குளங்கட்டிய மன்னனின் பெயரை அழிவுக்கு இடுவதா என்று பலர் கேட்டனர். பெயர் வியாரு என்று மாற்றப்பட்டது. கேட்டவர் பக்கம் நியாயம் இருந்தது என்றே கருதுகிறேன். இந்தியா தந்த பட்டியலிலே முரசு என்று ஒரு தூய தமிழ்ச்சொல் உண்டு. நீர் என்றும் ஒரு பெயர் உண்டு. பிறவற்றைப் பார்த்தாற் காற்று, இடி, முழக்கம், வலிமை என்பனவே மிகுதி.

பெயர் பெறும் வரையில் ஒரு சுழலை மக்கள் பொருட்படுத்துவதில்லை என்பதே என் கவலை. 2024 நவம்பரில் நம் கீழ்க்கரையோரமாகச் சென்ற தாழமுக்கம், 29 ஆம் நாளன்றே ஃபெங்கல் என்ற பெயரைப் பெற்றது. அதற்கு மூன்று நாள் முன்னர், நவம்பர் 26 ஆம் நாள், அம்பாறை மாவட்டத்துக் காரைதீவுப் பக்கத்திலே வெள்ளம் பாய்ந்த வீதியைக் கடக்க முயன்ற உழவு இயந்திரம் ஒன்று புரண்டது. அதிலே வீடு திரும்பிக்கொண்டிருந்தவர் ஓர் அரபுக் கல்லூரியின் மாணவர். அப்பிள்ளைகளிற் பலர் இறந்தனர். அவர்களைக் கொன்ற புயலுக்கு அப்போது பெயர் இல்லை. நாள்தோறும் பிள்ளைகளை வகுப்பறையிற் கண்டு வாழ்பவனுக்கு இந்தச் செய்தியைத் தாண்டிப் போவது எளிதாக இல்லை.

இதற்கு முன்னரும் இப்படியே நடந்தது. 2008 நவம்பரில் நிஷா வந்தது. காற்றளவிற் கடைசித் தரம். ஆனால் யாழ்ப்பாணத்திலே 1918 இற்குப் பின் காணாத மழையைக் கொட்டியது. போரினால் வேரற்று வன்னியிலே மரங்களின் கீழும் தறப்பாள்களின் கீழும் கிடந்த மக்கள் இரவோடிரவாக நீரில் நின்றனர். 2020 டிசம்பர் 2 ஆம் நாள் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையே கரையேறிய புரெவி, நாட்டைக் கடந்து மன்னார் வளைகுடாவை அடைந்தபின் அசையாமல் நின்றுகொண்டது. நின்ற இடத்திலே நின்று பெய்தது. விரைந்து ஓடும் புயல் கூரையைக் கொண்டுபோகும். நின்று பெய்யும் புயல் ஊரைக் கொண்டுபோகும்.

இனி 2025 ஆம் ஆண்டுக்கு வருகிறேன். அவ்வாண்டு வட இந்து சமுத்திரத்திலே பெயர் பெற்றவை நான்கு. ஒக்டோபரில் அரபிக் கடலில் எழுந்தது சக்தி, பெயர் இலங்கை தந்தது, தரம் கடுஞ்சூறாவளி. அதே மாதம் 28 ஆம் நாள் ஆந்திரக் கரையில் ஏறியது மொந்தா, அதுவும் கடுஞ்சூறாவளி. நவம்பரின் கடைசி வாரத்திலே மலாக்கா நீரிணையிலே, பூமத்திய ரேகைக்கு மிக அண்மையில், எவரும் எதிர்பாராத இடத்திற் பிறந்து சுமாத்திராவை நோக்கியது சென்யார், தரம் வெறுஞ்சூறாவளி. அதே வாரத்திலே நம் தென்கீழ்க் கரையருகே பிறந்தது டித்வா, அதுவும் வெறுஞ்சூறாவளி. காற்றிலே உயர்ந்து நின்ற முதல் இரண்டினாலும் நேர்ந்த உயிரிழப்பு, தாழ்ந்து நின்ற மற்ற இரண்டோடு ஒப்பிடத்தக்கதன்று. சுமாத்திராவிலே ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையிலே 600 பேருக்கு மேல் மாண்டனர். வரிசையைத் தலைகீழாகப் பிடித்தாற் போல இருந்தது அந்த ஆண்டு.

டித்வா என்பது யேமன் தந்த பெயர். சொக்கோத்ராத் தீவிலுள்ள ஒரு களப்பின் பெயர். நவம்பர் 27 ஆம் நாள் அப்பெயர் சூட்டப்பட்டது. பொத்துவில், மட்டக்களப்பு, திருகோணமலை என்று கீழ்க்கரையைத் தழுவி வடக்கே மெல்ல நகர்ந்தது. கரையிலுள்ளோர் 1978 ஐ நினைத்து நடுங்கினர். அந்தக் காற்று வரவில்லை. அழிவு வந்தது கடலையே காணாத இடத்தில். கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளை என்னும் மலை மாவட்டங்களிலே மண் சரிந்தது. மகாவலியும் களனியும் கரைமீறின. இறந்தோர் தொகை மிகுந்தது கண்டி மாவட்டத்தில். ஒரு கடற்புயல் மலைநாட்டுத் தலைநகரின் அயலிலே வந்து கொல்லும் என்பதை யார் நினைத்திருப்பார்? புயலைக் காற்று என்று கொண்டவர் நினைத்திருக்கமாட்டார். புயலை மேகம் என்று கொண்டவர் நினைத்திருக்கலாம். மேகம் மலையைத் தேடிச் செல்வது நம் குறிஞ்சிப் பாட்டுகள் எல்லாம் அறிந்த செய்தி அன்றோ?

மாத்தளை மாவட்டத்தின் சில இடங்களிலே ஒரே நாளில் 500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பதிவாயிற்று. எண்ணைப் படித்துவிட்டு அப்பாற் போகாமற் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் அஃது ஒரு லீற்றர் நீர். 500 மில்லிமீற்றர் என்றால் 500 லீற்றர். ஓர் ஏக்கரில் ஏறக்குறைய 4,047 சதுர மீற்றர் உண்டு. ஆகவே ஓர் ஏக்கர் தேயிலைச் சரிவின்மேல் ஒரு பகலும் ஓர் இரவும் கொட்டியது 20 லட்சம் லீற்றர். நிறை 2,000 தொன். காடு நின்ற காலத்திலே வேர் பிடித்திருந்த மண், வீதிக்காகவும் வீட்டுக்காகவும் வெட்டிய மண், இந்த நிறையைத் தாங்கி நிற்க வேண்டும். மண்சரிவு பற்றி அறிவிக்கும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் ஒரு நாளில் 150 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஆபத்தான சரிவுகளை விட்டு வெளியேறுமாறு கூறும். பெய்தது அதன் மும்மடங்குக்கு மேல்.

பூமி வெம்மையுறுவதனால் இது மிகும் என்று அறிவியலார் கூறுகின்றனர். காற்றின் வெம்மை ஒரு பாகை ஏறினால் அது தாங்கும் நீராவி ஏறக்குறைய 7 வீதம் மிகும். சுமை மிகுந்த மேகம் எங்கேனும் இறக்கித்தானே தீரவேண்டும்? பழைய பொருளுக்குப் புயல் திரும்பிக்கொண்டிருக்கிறது என்று சொன்னால் அது வெறும் சொல்விளையாட்டன்று.

எச்சரிக்கை வரவில்லையா? வந்தது. எம்மொழியில், எச்சொல்லில் வந்தது என்பதே வினா. டித்வாவின்போது எச்சரிக்கைகள் தமிழிலே போதிய அளவும் உரிய நேரத்திலும் வரவில்லை என்ற குறை நாடெங்கும் எழுந்தது. தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளர் நிறைந்த மலைகளிலே அக்குறை எத்துணைப் பெரிது என்று நான் சொல்ல வேண்டுவதில்லை. ஆனால் தமிழில் வந்துவிட்டாற் போதுமா என்றும் கேட்க வேண்டும். "தாழமுக்கம் வலுவடைந்துள்ளது" என்பது பிழையற்ற தமிழ். அமுக்கம் தாழ்ந்தது தாழமுக்கம். தமிழகத்தார் கூறும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்பதினும் நம் சொல் சுருக்கமானது, அழகானது. ஆயினும் அந்த வாக்கியத்தைக் கேட்ட ஒரு தாய் என்ன செய்ய வேண்டும்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லயத்தை விட்டு ஓடவேண்டும் என்பது அதிலே எங்கே இருக்கிறது?

2013 இல் பிலிப்பைன்ஸ் நாட்டைத் தாக்கிய ஹையான் சூறாவளியில் 6,000 பேருக்கு மேல் இறந்தனர். புயலோடு கடல் பெருகும் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தனர். ஆனால் அறிவிப்பிலே வந்த ஆங்கிலத் தொடரைப் பலர் விளங்கிக்கொள்ளவில்லை. சுனாமி வருகிறது என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்று பிழைத்தவர் பின்னர் கூறினர். நம்மிடமும் அதற்கு வழக்கில் வேரூன்றிய சொல் இல்லை. புயலலை என்பார் சிலர். அலை என்றால் வந்து மீள்வது என்று மக்கள் நினைப்பர். இதுவோ ஏறி நிற்கும் நீர். கடற்பெருக்கு என்பது தகும் என்பது என் கருத்து. ஆற்றுப்பெருக்கை அறியாதவர் இல்லை. அது போலக் கடல் பெருகும் என்றாற் குழந்தைக்கும் விளங்கும்.

வங்கதேசத்தார் இதனை நமக்கு முன்னர் உணர்ந்தனர். 1970 இன் அழிவுக்குப் பின்னர், செம்பிறைச் சங்கத்தோடு சேர்ந்து ஊர்தோறும் தொண்டர்களை அமைத்தனர். அவர்கள் கொடி ஏற்றுவர். ஒலிபெருக்கியைக் கையில் ஏந்தி வீட்டுவாசலிலே நின்று அவ்வூர்ப் பேச்சிலே சொல்லுவர். முதியோரைத் தூக்கிச் செல்லுவர். தூண்களின்மேல் உயர்ந்த புகலிடங்களையும் கட்டினர். லட்சக்கணக்கில் மாண்ட அதே கரையிலே பிற்காலத்துப் பெரும்புயல்களில் இறந்தோர் தொகை பன்மடங்கு குறைந்தது. ஒடிசாவிலும் அப்படியே. 1999 இல் ஏறக்குறைய பத்தாயிரம் பேரை இழந்த அந்த மாநிலம், 2013 இல் ஃபைலின் வருமுன் பத்து லட்சம் மக்களை அகற்றிவிட்டது. இறந்தோர் சில பத்துப் பேரே. பழைய அரசர் முரசறைந்து செய்தி சொன்னதும் இப்படித்தான். வள்ளுவன் யானைமேல் ஏறி வீதிதோறும் வந்து, ஊரார் அறிந்த சொல்லில் உரைப்பான்.

எங்கள் வகுப்பிலே மலைநாட்டிலிருந்து வந்து பயிலும் மாணவர் சிலர் உளர். மண்சரிவின் முன்னறிகுறிகளை நிறுவனத்தார் அச்சிட்ட துண்டுப் பிரசுரத்தை அவர்களிடம் கொடுத்து, "இதனை உங்கள் பாட்டிக்குச் சொல்வதானால் எப்படிச் சொல்வீர்கள்? எழுதி வாருங்கள்" என்றேன். பிரசுரத்திலே "நிலத்தில் வெடிப்புகள் தோன்றுதல், மரங்கள் சாய்வடைதல், நீரூற்றுகள் திடீரெனத் தோன்றுதல் அல்லது மறைதல்" என்று இருந்தது. இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. அவர்கள் எழுதி வந்தது வேறு. "தரை கோடு விழுந்தா நிக்காதே." "கதவு திடீர்னு சாத்த முடியலன்னா வீடு நகருதுன்னு அர்த்தம்." "பீலித் தண்ணி செவப்பா வந்தா மேல மண்ணு கழருது." "மரம் நிமுந்து நின்ன எடத்துல குனிஞ்சு நின்னா, இருட்டுறதுக்கு முன்னாடி எறங்கிரு." புள்ளியிட நான் எடுத்த சிவப்பு மையை மூடி வைத்துவிட்டு, அந்தத் தாள்களை வரிசைப்படுத்திக்கொண்டிருக்கிறேன். இதுவரையில் 41 வாக்கியங்கள் சேர்ந்திருக்கின்றன. அடுத்த ஐப்பசிக்குமுன் அவற்றைத் தோட்டப் பாடசாலைகளுக்கு அனுப்ப எண்ணம்.